நடைபாதை எல்லோருக்கும் பொது

வெகுநேரம் நிற்கிறவர்களுக்கு முழங்காலைவிடக் குதிகால்தான் முதலில் போகும். அதனால் நல்ல பூட்ஸ் முக்கியம். மற்றபடி, ரோலண்ட், அந்தச் சபையின்மேல் வழக்குப் போட்டால் ஜெயிக்க முடியுமா என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். நான் போட்டவன். தோற்றவன்.

என் மகன் வெஸ் ராணுவத்தில் இறந்தான். அடக்கத்தன்று லோமாக்ஸ் பாஸ்டர் தன் சபையோடு கல்லறைக்கு எதிர்ச்சாரியில் வந்து நின்றார். நாட்டின் பாவத்துக்குக் கடவுள் கொடுக்கிற கூலிதான் ராணுவச் சாவு என்பது அவர்கள் போதனை. ‘உங்கள் மகன் நரகத்தில்’ என்று அட்டை பிடித்திருந்தார்கள். முன்வரிசையில் பாஸ்டரின் மகள் டார்கஸ். பன்னிரண்டு வயது, மஞ்சள் கோட்டு, நல்ல குரல். பெட்டி குழிக்குள் இறங்கும்போது எங்கள் பாதிரியாரின் ஜெபம் எனக்குக் கேட்கவில்லை. அவள் பாட்டுத்தான் கேட்டது.

மன உளைச்சல் கொடுத்தார்கள் என்று வழக்குப் போட்டேன். கீழ்க்கோர்ட்டில் எனக்குச் சாதகம். மேல்கோர்ட்டில் கவிழ்ந்துவிட்டது. என் வக்கீல் பொறுமையாக விளக்கினார்.

“டெல், அவங்க நின்னது பொது இடம். பேசினது பொது விஷயம். வழிய மறிக்கல, யார் மேலயும் கை வைக்கல. எவ்வளவு வலிச்சாலும் பேச்சு பேச்சுதான்.”

அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. டிராக்டர் பழுது பார்க்கிறவன் நான். புது இயந்திரத்தின் கையேட்டைப் படிப்பதுபோல அதைப் படித்தேன். எது கூடும், எது கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு நாள் என் மனைவி வெர்னா சொன்னாள்: “அந்தப் பாஸ்டர் பொண்ணு அப்பன உதறிட்டு வந்துட்டாளாம். பக்கத்து ஊர் சாப்பாட்டுக் கடையில வேலையாம். பாவம், தப்பிச்சுது.” அவளுக்குச் சந்தோஷம்.

நான் அந்தக் கடைக்கு எதிரே நிற்க ஆரம்பித்தேன். அட்டையில் அவள் பெயர் கிடையாது. ‘சவத்தின் முன் பாடிய சபை இதுதான்’ என்ற வரியும், அன்றைக்குப் பத்திரிகையில் வந்த படமும் மட்டும். மஞ்சள் கோட்டு தெளிவாகத் தெரியும்படி பெரிதாக்கியிருந்தேன். நடைபாதையில் வழி விட்டுத்தான் நின்றேன்.

பாஸ்டர் வீட்டு முன்னால் ஏன் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். அவருக்கு எதிர்ப்பு என்றால் விருந்து. அந்தக் குடும்பத்தில் நோகக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள்.

முதல் வாரமே ஏப்ரனோடு வெளியே வந்தாள். கையில் சில்லி சூப்பும் இலவங்கப்பட்டை ரோலும்.

“மிஸ்டர் ஹேவர்கேம்ப், குளுருது, சாப்பிடுங்க. அப்போ எனக்குப் பன்னெண்டு வயசு. ஒவ்வொரு நாளும் அது ஞாபகம் வருது. என்னை மன்னிச்சிடுங்க.”

நான் அட்டையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். சூப்பை அவள் என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அது அங்கேயே உறைந்தது.

சாப்பிட வந்த ஒருவன் கிண்டலடித்தான். “என்ன பெருசு, பொண்ணு பாக்கவா தினமும் வர்ற?” பிறகு அவனே படத்தைப் பார்த்தான், அதில் இருப்பது யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டான். அடுத்த நாள் அவள் பரிமாறிய தட்டைத் திருப்பி அனுப்பினான். அப்படியே ஒவ்வொருவராக. கடைக்காரர் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். சலவைக்கடையில் சேர்ந்தாள், நான் அங்கே போனேன். அவளுக்கு வாடகைக்கு அறை கொடுத்த விதவையின் தெருவுக்கும் போனேன்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். “சட்டப்படி உங்கள ஒண்ணும் பண்ண முடியாது. வெக்கமா இல்லையான்னு மட்டும் கேட்டுட்டுப் போறேன்.” அவள் என்மேல் வழக்குப் போடவும் முயன்றாளாம், மன உளைச்சல் என்று. வக்கீல் அவளுக்கு ஒரு தீர்ப்பை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஹேவர்கேம்ப் வழக்கு, நான் தோற்றது.

கடைசியாக ஒரு தடவை என் எதிரே வந்து நின்றாள். மெலிந்திருந்தாள்.

“நான் எங்கதான் போறது? நீங்களே சொல்லுங்க.”

அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்வது மிரட்டல் ஆகிவிடலாம்.

அன்று சாயங்காலமே அவள் அப்பா வண்டியில் வந்து கூட்டிப்போனார். விஷயத்தைச் சொன்னதும் வெர்னா தன் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். “அவனுங்க நின்ன மாதிரியே நின்னுருக்க, டெல். வெஸ் பேரச் சொல்லி.” இப்போது வெர்னா தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். நான் சண்டை போடவில்லை.

போன சனிக்கிழமை உங்கள் மகன் அடக்கத்தில், முன்வரிசையில் நின்று, அவன் பெயரைச் சேர்த்துப் பாடினாளே ஒருத்தி, அவள்தான். யார் அவள் என்று உங்கள் மனைவி அழுதுகொண்டே கேட்டார்கள். அப்போது நான் வாய் திறக்கவில்லை. அவளை அங்கே திருப்பி அனுப்பியது நான்தான், ரோலண்ட். மறைக்க மாட்டேன்.

ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிஜமாகவே மனம் திருந்தியவளாக இருந்தால், திரும்பிப் போயிருப்பாளா?