துறைமுக அரங்கிலிருந்து மாதாவைத் தூக்கிச் சென்றது பற்றி

பெயர்: மடுத்தீன் யோசேப். வயது: எழுபத்தொன்று. பிறந்த இடம்: மன்னார், பேசாலை. தற்போதைய முகவரி: ஒடென்சே நகரின் வடகிழக்குக் குடியிருப்பு, இரண்டாம் மாடி. தொழில்: முன்னர் இக்காஸ்ட் நெசவாலைத் தொழிலாளி, இப்போது ஓய்வூதியம் பெறுபவர். மனைவி பெயர்: அருள்நாயகி. பிள்ளைகள்: மகள் ஒருத்தி, சுஜாந்தினி.

நான் சந்தேக நபர் என்றும் வாய் திறக்காமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்றும் விசாரணை அதிகாரி முதலில் சொன்னார். அந்த உரிமை எனக்கு வேண்டாம். டெனிஷ் எனக்குத் தெரியும். நூலகப் புத்தகத்திலும் வானொலியிலும் நானாகவே படித்தது. ஆனாலும் இதைத் தமிழில்தான் சொல்வேன் என்றேன். மொழிபெயர்ப்பாளர் கஜந்தி அருகில் இருந்து எழுதுகிறார். என்மீது இரண்டு குற்றம் சொல்லப்படுகிறது. ஒன்று, துறைமுக அரங்குக்குச் சொந்தமான மாதா சுருவத்தை, அதாவது மாதாவின் சிலையை, களவெடுத்தது. மற்றது, ஓப்பராவின் முதல் நாள் நிகழ்ச்சியைக் குழப்பியது. எனக்கு என்ன தண்டனை தந்தாலும் தரட்டும். ஆனால் அந்த ஓப்பராவில் பணிப்பெண் வேடத்தில் பாடிய என் மகளும் இதற்கு உடந்தை என்று அரங்கு நிர்வாகம் எழுதிக் கொடுத்து, அவளை வேடத்திலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. அது பொய். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இந்த ஓப்பரா இத்தாலியில் மிகப் பழைய காலத்தில் எழுதப்பட்டது. பிரபு ஒருவன் ஓர் ஏழைப் பெண்ணைக் கெடுக்கிறான். ஊரில் மாதாவின் சுற்றுப்பிரகாரம் வருகிறது. அந்தப் பெண்ணின் பணிப்பெண் மாதாவின் காலடியில் மெழுகுதிரி வைத்துப் பாடுகிறாள். கதை அவ்வளவுதான், மிச்சம் சண்டையும் சாவும். இதைத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அதே அரங்கில் ஓர் இத்தாலியக் கிழவர் இயக்கினார். அவர் எங்கள் ஆவணி மாத மாதா திருநாளுக்கு வந்து, நாங்கள் சுருவம் நிற்கும் பல்லக்குக் கூட்டைத் தோளில் வைத்து நடப்பதைப் பார்த்துவிட்டு, மேடையிலும் நீங்களே தூக்க வேண்டும் என்று கேட்டார். ஆசீர்வதிக்காத சுருவத்தைத் தூக்க மாட்டோம் என்றோம். அவர் சிரிக்கவில்லை. எங்கள் சுவாமியாரை மேடைக்கே கூட்டி வந்தார். சுவாமியார் தெளித்த தீர்த்தம் வயலின்காரர்களின் தாள்களில் பட்டு அவர்கள் முறைப்பாடு செய்தது எனக்கு நினைவிருக்கிறது. அதன் பின்னர், தூக்கியதை எங்கே இறக்குவீர்கள் என்று கிழவர் கேட்டார். கூடு தோளில் ஏறினால் கோயில் வாசலில்தான் இறங்கும், நடுவழியில் இறக்குவது எங்களிடம் இல்லை என்றேன். அடுத்த நாள் மேடையில் மரத்தால் ஒரு கோயில் வாசல் நின்றது. அந்த வாசலில்தான் அந்த வருடம் முழுவதும் இறக்கினோம்.

இந்த வருடம் அதே ஓப்பராவைத் திரும்ப மேடையேற்றுகிறோம், பழைய தூக்குகாரர் வந்தால் பத்திரிகையில் போட நல்லது என்று அரங்கிலிருந்து அழைத்தார்கள். பழைய நால்வரில் நானும் ஸ்ரிபனும்தான் உயிரோடு இருக்கிறோம். மூன்றாவதாகச் சிவானந்தனைச் சேர்த்தேன். அவர் இந்து. உனக்குச் சம்மதமா என்று கேட்டபோது, "என்ன அண்ணை, முருகனைத் தூக்கித் தூக்கி என்ர தோளில காய் விழுந்து கிடக்கு. அம்மா பாரம் குறைவாத்தானே இருப்பா," என்றார். நான்காவது பெண்ட் என்ற டெனிஷ்காரர், முன்னாள் பஸ் சாரதி, எந்தக் கோயிலுக்கும் போகாதவர். மகள் அதுவரை அந்த அரங்கின் கோரஸில், கூட்டுப் பாடகர் வரிசையில், பாடிக்கொண்டிருந்தாள். இந்த மறு மேடையேற்றத்தில்தான் அவளுக்கு முதன்முதலாகத் தனிப் பாட்டுக் கிடைத்தது. பணிப்பெண் வேடம், ஒரே ஒரு பாட்டு.

ஒத்திகை தொடங்கிய பின்னர் நான் கண்டவை எனக்கு அருவருப்பாக இருந்தன. புதிய இயக்குநர் மத்தியாஸ் என்பவர் பழைய ஆடைகளை எல்லாம் கழித்துவிட்டு, பிரபுவுக்கு உள்பனியனும், ஊர்ச் சனங்களுக்குக் குளியல் துவாயும் கொடுத்திருந்தார். கோயில் வாசல் இல்லை. அது இருந்த இடத்தில் பியர்ப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். சுருவம் திருத்தத்தில் இருக்கிறது என்று, ஒத்திகைக்கு ஒரு வெறும் மரப்பெட்டியைத் தூக்கச் சொன்னார்கள். பெட்டியை நாங்கள் பியர்ப் பெட்டிமேல் இறக்கியதும் பிரபுவாகப் பாடுபவர் அதன்மேல் ஏறி இருந்து பியர் உடைத்துக் குடித்தார். பெட்டிதானே, களைத்துப் போய் இருக்கிறார் என்று நினைத்தேன். சுருவம் வந்ததும் எழும்பிவிடுவார் என்று நம்பினேன்.

கடைசி ஒத்திகைக்குச் சுருவம் வந்தது. நாங்கள் இறக்கினோம். அந்தப் பாடகர் மாதாவை மல்லாக்கச் சரித்து, வயிற்றில் காலை அகட்டி இருந்து, பியரை முகத்தில் ஊற்றினார். கோரஸ் சிரிக்க வேண்டும் என்று எழுதியிருந்ததால் கோரஸ் சிரித்தது. நான் மேடையிலிருந்து இறங்கிப் போய், மத்தியாஸிடம் இது ஆசீர்வதித்த சுருவம், இப்படிச் செய்யக்கூடாது என்று சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, "பார்த்துக்கொள்வோம்" என்றார். இந்த நாட்டில் அதிகாரத்தில் இருப்பவர் அப்படிச் சொன்னால் ஒன்றும் நடக்காது என்று நாற்பது வருடமாக எனக்குத் தெரியும். ஆனாலும் நம்பினேன். மகளிடம் இதைப் பற்றி நான் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் அவள் என்னை முதல் நாளுக்கு வரவே விட்டிருக்க மாட்டாள்.

முதல் நாள் மாலை அருள்நாயகி முன்வரிசையில் இருந்தாள். நாங்கள் நால்வரும் வெறுங்காலோடு மேடைப் பின்புறம் போய்க் கூட்டைத் தூக்கப் போனபோது, மாதாவின் கண் மூலையில் ஒத்திகையில் ஊற்றிய பியர் காய்ந்து பழுப்பாக இருந்தது. யாரும் துடைக்கவில்லை. விரித்த வலது உள்ளங்கையில் மென்று துப்பிய சூயிங்கம் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் கிள்ளி எடுத்தேன். அது இன்னும் ஈரமாக இருந்தது. என் லேஞ்சியை, கைக்குட்டையை, எடுத்து மாதாவின் முகத்தைத் துடைத்தேன். ஸ்ரிபன் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மச்சான், நாய் கூட இப்படிச் செய்யாது," என்றான். அதன் பின்னர் மணி அடித்தார்கள், தூக்கினோம்.

மேடையின் வலப்பக்கத்தால் நுழைந்தோம். கோரஸ் இரண்டு வரிசையாக நின்றது. நடுவுக்கு வந்தபோது பியர்ப் பெட்டிமேல் திறக்காத போத்தல் ஒன்று தயாராக நிற்பதைக் கண்டேன். பிரபுவாகப் பாடுபவர் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். நான், "ஸ்ரிபன், இறக்காதை," என்றேன். "அப்ப எங்க கொண்டு போறது?" என்று கேட்டான். "வாசலுக்கு. இங்க வாசல் இல்லை," என்றேன். சிவானந்தன் பின்னாலிருந்து, "அண்ணை, கெதியாச் சொல்லுங்கோ, அம்மா நினைச்சதை விடப் பாரம்," என்றார். பெண்ட் டெனிஷில், இடமா வலமா என்று மட்டும் கேட்டார். நான் நேரே என்றேன். மேடையிலிருந்து சபைக்குள் இறங்கும் படிகளால் இறங்கி, சனங்களுக்கு நடுவால் நடந்தோம். வாத்தியக்காரர்கள் நிறுத்தவில்லை. இது புதிய இயக்குநரின் யோசனை என்று நினைத்து முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். அருள்நாயகி மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அதன் பின்னர் வெளிக்கதவால் தெருவுக்கு வந்து, எங்கள் கோயிலை நோக்கி நடந்தோம். ட்ராம் பாதையைக் கடக்கும்போது ட்ராம் வந்தது. ஓட்டுநர் பெண் நிறுத்தி, நாங்கள் கடக்கும்வரை மணி அடிக்காமல் இருந்தார். குளியல் துவாயோடு கோரஸ் பையன் ஒருவன் கொஞ்சத் தூரம் எங்கள் பின்னால் வந்து, குளிர் தாங்காமல் திரும்பிப் போனான். நடுவில் யாரும் இறக்கவில்லை. சிவானந்தன் மூச்சு வாங்கும்போது பெண்ட் அவருடைய பக்கத்துப் பாரத்தையும் சேர்த்துத் தாங்கினார். கோயில் பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருக்கும் அமலராணி வரும்வரை வாசல் படியில் இறக்கி, நால்வரும் பக்கத்தில் நின்றோம். அமலராணி வந்து மாதாவையும் எங்களையும் பார்த்துவிட்டு, "சாமி, இதென்ன ஆவணியோ," என்றாள். பின்னர் கதவைத் திறந்தாள். பொலிஸ் வந்தபோது நாங்கள் ஓடவில்லை. ஓடக்கூடிய வயதிலும் நாங்கள் இல்லை.

களவு என்பது ஒளித்து எடுப்பது. நாங்கள் சபை நிறைந்த சனத்துக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தில் எடுத்தோம். சுருவம் இப்போதும் கோயிலில் இருக்கிறது, பீடத்துக்கு இடப்புறம். யாரும் வந்து பார்க்கலாம். நான் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் மகளை வேடத்தில் திரும்பச் சேர்ப்பதாக மத்தியாஸ் ஆள் விட்டுச் சொன்னார். அருள்நாயகியும் கெஞ்சினாள். "பெட்டை எத்தினை வருசமாப் படிச்ச பாட்டு, ஒரு போத்தல் பியருக்காகக் கெடுத்துப்போட்டியள். ஒரு கடுதாசிதானே, எழுதிக் குடுங்கோ," என்றாள். நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் பியரை ஊற்றியவர். அவர்களுக்கு நாடகத்துக்குச் சுருவம் வேண்டுமென்றால் ரெஜிபோமில், அந்தப் பாரமில்லாத வெள்ளை அட்டையில், ஒன்று செய்துகொள்ளட்டும். அதில் யார் ஏறி இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. மகள் ஒருமுறை தொலைபேசி எடுத்தாள். "அடுத்தது என்னுடைய பாட்டு என்று உங்களுக்குத் தெரியும்தானே, அப்பா?" என்று டெனிஷில் கேட்டாள். தெரியும் என்றேன். வைத்துவிட்டாள். அதன் பின்னர் எடுக்கவில்லை.

அவள் உடந்தை என்பதற்கு அரங்கு காட்டும் ஆதாரம் ஒரு வீடியோ. இன்று அதிகாரி அதை எனக்குப் போட்டுக் காட்டினார். நாங்கள் மேடையில் நுழைந்து கோரஸ் வரிசையைக் கடக்கும்போது, வரிசையில் நிற்கும் சுஜாந்தினி கையை நீட்டி மாதாவின் துணி ஓரத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைக்கிறாள். அடுத்த நிமிடம் நாங்கள் சபைக்குள் இறங்கி வெளியேறுகிறோம். அந்தக் கை சைகை என்றும், போகலாம் என்று எங்களுக்கு அவள் சொன்ன அடையாளம் என்றும் மத்தியாஸ் எழுதியிருக்கிறார். அதற்கு என் பதில் இது. எங்கள் ஆட்கள் யாருக்கு முன்னாலும் கூடு கடந்து போனால் கையை நீட்டித் தொட்டு, அந்த விரலை உதட்டில் வைத்து முத்துவார்கள். நடக்கத் தெரியாத குழந்தையைத் தூக்கிப் பிடித்து அதன் கையால் தொடுவிப்பார்கள். அவளையும் அப்படித்தான் நான் தூக்கிப் பிடித்தேன். அவள் பெரியவளாகிக் கோயிலுக்கு வருவதை விட்டுப் பல வருடம். கடவுள் இல்லை என்று என் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே சொல்பவள். அப்படிப்பட்டவள் மேடையில் எழுதாத ஒன்றைச் செய்தாள் என்றால் அவளுக்கே தெரியாமல்தான் செய்திருப்பாள். வருகிற ஆவணித் திருநாளுக்கு அதிகாரி எங்கள் கோயிலுக்கு வந்து நின்று பார்க்கட்டும். நூறு பேர் அந்தச் சைகையைச் செய்வார்கள். ஒருவரும் எதையும் களவெடுக்க மாட்டார்கள்.

நாங்கள் வெளியேறும் இடத்தில் அதிகாரி வீடியோவை நிறுத்தினார். மிச்சத்தையும் போடச் சொன்னேன். மிச்சம் விசாரணைக்குத் தேவையில்லை என்றார். தேவை என்றேன். எழும்பாமல் இருந்தேன். கடைசியில் போட்டார். நாங்கள் போன பிறகு மேடை வெறுமையாக இருக்கிறது. பிரபு வேடக்காரர் உட்கார ஒன்றும் இல்லாமல் நிற்கிறார். திரும்ப உள்ளே போயிருந்த சுஜாந்தினி, எரிகிற மெழுகுதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல இடப்பக்கத்தால் வருகிறாள். மாதா நிற்க வேண்டிய இடத்துக்கு வந்து நிற்கிறாள். இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள். மெழுகுதிரியை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. நாங்கள் தூக்கிக்கொண்டு போகப்போகிறோம் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தால் அவள் மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு வந்திருக்க மாட்டாள். இதை அதிகாரி தன் கண்ணால் என்னோடு சேர்ந்து பார்த்தார். அதை எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். எழுதிக்கொண்டார்.

அதன் பின்னர் அவள் பெட்டிமேல் இருந்த பியர்ப் போத்தலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் மெழுகுதிரியை வைத்து, ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்துப் பாட்டை முழுவதுமாகப் பாடினாள். ஒத்திகைகளில் பிரபு பியர் குடித்து முடிந்ததும் எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்தப் பாட்டை அவள் பாடி நான் இன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். இன்னொரு தரம் போடச் சொன்னேன். அதிகாரி போட்டார்.

இதில் உள்ளதெல்லாம் நான் செய்ததும் கண்டதும். யாரும் சொல்லித் தந்து சொல்லவில்லை, பயந்தும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். மன்னிப்பு என்ற பொருளில் ஒரு வரியும் இதில் இல்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்த பின்னரே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ம. யோசேப்
ஒடென்சே