பருப்பு வெந்த வீடு

“பருப்பை வேகவச்சே வீட்டை வித்துட்டேன்!”

பந்தல்குடியில் பஸ் ஏறி எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்த அம்மாள் இப்படிச் சொன்னதும் நான் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

“என்ன மதினி சொல்றீக?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“புரோக்கர் வேண்டாம்னு நானே நெட்டுல போட்டேன். ஃபோன் பண்ணுனவுக எல்லாம் போர்த் தண்ணி உப்பான்னுதான் கேட்டாக. இல்லைன்னா நம்ப மாட்டேங்குறாக. உப்புத் தண்ணின்னா பருப்பு வேகாதுல்ல? அதான் எங்க போர்த் தண்ணியிலயே துவரம்பருப்பைப் போட்டு, குக்கர் இல்லாமப் பூவா வேகுறதை வீடியோ எடுத்துப் போட்டேன். மறுநாளே பரளச்சிக்காரவுக பேசி முடிச்சிட்டாக.”

“கெட்டிக்காரிதான் மதினி! இப்ப அருப்புக்கோட்டையில அட்வான்ஸ் குடுக்கப் போறீகளே, அந்த வீட்டையும் நெட்டுலதான பாத்தீக? அங்க தண்ணி எப்படி?”

அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“டைல்ஸு பளபளன்னு இருந்துச்சு” என்றார் மெதுவாக.

மற்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே ஃபோனை எடுத்தார்.

“தம்பி, உங்க வீட்டை வாங்க வாரோம்ல, அந்த அக்கா பேசுறேன். வீட்ல துவரம்பருப்பு இருக்கா? ஒரு கை அள்ளி அடுப்புல போடுங்க. வந்துக்கிட்டே இருக்கோம்.”