இடது ஷூவின் முனை

செத்துப்போன ஒருவரிடம் ஐந்து வாரம் ஓட்டப் பயிற்சி எடுத்து, அதை வைத்து இலாகாத் தேர்வில் தேறி, சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிற மனிதன் இந்தப் பூமியில் ஒருவன்தான். என் தங்கை வீட்டுக்காரரோடு ஒரே தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன்.

இப்படி ஆரம்பித்ததுமே ஆணி சிரித்துவிட்டான்.

சிரிக்கட்டும். அவன் வீடு, அவன் கேஸ் ஹீட்டர். சனிக்கிழமை ராத்திரி நாங்கள் ஆறேழு பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவன் கூடத்தில்தான் ஒண்டுவோம். தெருமுனையில் ஷூ ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறவன் ஆணி. ஷூவைத் திருப்பி அடியைப் பார்த்தால் போதும், ஆள் எந்தப் பக்கம் சாய்ந்து நடப்பான், எந்தப் பக்கம் சாய்ந்து பொய் சொல்வான் என்று சொல்லிவிடுவான். பேய் என்றால் மட்டும், "அடி தேயாததை நான் நம்பறதில்ல" என்பான்.

அன்றைக்குக் கரண்ட் வேறு போய்விட்டது. ஒற்றை மெழுகுவத்தி. வீடு முழுக்க ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை. கதவின் அடியில் தோல் பட்டை அடித்திருந்தும் குளிர் தரையோடு தவழ்ந்து வந்தது.

இந்தக் கதையில் நீயும் வருகிறாய், கேள் என்று சொன்னதும் அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

பதினோரு குளிர்காலத்துக்கு முன்னால்... விடிகாலை நாலரை மணி. ஊரை விட்டு விலகி நீர்த்தேக்கத்துக் கரைமேல் போகிற சாலை. ஒரு பக்கம் கறுத்த தண்ணீர். மறுபக்கம் கம்பி வேலி. கோடியில் பம்ப் ஹவுஸ். நடுவில் விளக்கே கிடையாது. அந்த வருஷத்துக் குளிரில் பால்காரர் பாலை ஊற்றவில்லை, உடைத்துக் கொடுத்தார்.

அந்தச் சாலையில் ஒருவன் ஓடுகிறான். தட்... தட்... தட்... ஓட்டமா அது? லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற சத்தம்.

அவன்தான் சைரன். தீயணைப்பு வண்டியின் டிரைவர். நாற்பத்து நாலு வயது. குறட்டையால் வந்த பெயர். ஒருநாள் அவன் மதியம் கண்ணயர்ந்தபோது, கேட்டவர்கள் நாலு பேர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்கள். பக்கத்து ஊர் நிலையத்திலும் ஏறினார்களாம். அதற்குச் சாட்சி இல்லை, விட்டுவிடலாம்.

மேலிடத்திலிருந்து புது உத்தரவு வந்திருந்தது. டிரைவர்களும் ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டர், பதினெட்டு நிமிஷம். முடியாதவன் வண்டியிலிருந்து இறங்கி, குழாய் சுருட்டுகிற கிடங்குக்குப் போக வேண்டும். பத்தொன்பது வருஷம் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தவன். வண்டியை விட்டு அவனைப் பிரித்தால் மிச்சம் குறட்டைதான் இருக்கும். வெள்ளோட்டத்தில் அவன் எடுத்துக்கொண்டது இருபத்து மூன்று நிமிஷம். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லைக்கோட்டில் அவனுக்காக ஒரு நாற்காலியும் தலையணையும் போட்டு வைத்திருந்தார்கள். அந்த அவமானத்தில்தான் இருட்டில் ஓடக் கிளம்பினான். தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது.

முதல் வாரம் மூன்று ஸ்வெட்டர், மேலே மழைக்கோட்டு. பாதி வழியிலேயே உள்ளே தொப்பலாக நனைந்துவிடுவான். பம்ப் ஹவுஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கினபோது, ஜன்னலுக்குள்ளிருந்து காவல்காரர் பேசினார்.

"சார், ஈரத்தோட அங்க நிக்காதீங்க. நடந்துகிட்டாவது இருங்க."

ஏன் என்று கேட்டான்.

"போன வருஷம் ஒருத்தர் லேஸ் கட்ட அந்தச் சுவர்ல சாய்ஞ்சு உட்கார்ந்தார். தினம் ஓடுற ஆளு. வியர்வை அப்படியே உடம்புல உறைஞ்சுபோச்சு. விடிஞ்சு நான்தான் பார்த்தேன். லேஸ் பாதி கட்டினபடி இருந்தது."

சைரன் சுவரிலிருந்து கையை எடுத்தான். திரும்பி ஓடினான்.

ஐம்பது அடி போயிருப்பான். தட்... தட்... இது அவன் கால். அதற்குப் பின்னால்... சப் சப் சப் ஸ்ர்ர்... சப் சப் சப் ஸ்ர்ர்... லேசான, வேகமான கால். ஒரு முனை மட்டும் தரையில் இழுபடுகிறது. உறைந்த காற்றில் எந்த வாசனையும் வராது. ஆனால் வந்தது. சொல்யூஷன் வாசனை.

(ஆணி இந்த இடத்தில் ஹீட்டரின் திருகைத் திருகினான். அது ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருந்தது.)

பிறகு சைரனின் இடது தோளில் இரண்டு தட்டு. டப்... டப்.

தீயணைப்புக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புகைக்குள் வரிசையாகப் போவார்கள். கண் தெரியாது, பேச முடியாது. பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவன் தோளில் இரண்டு தட்டு தட்டினால், 'இருக்கேன், விட்டுடாதே' என்று அர்த்தம். முன்னால் போகிறவன் தன் தொடையில் இரண்டு தட்டுவான். 'வா.' அப்படிப் பதில் கொடுத்துவிட்டால் பின்னால் வருகிறவன் அவன் பொறுப்பு. வாசல் வரைக்கும் கொண்டுபோய், கதவுச் சட்டத்தில் இரண்டு தட்டி, 'வெளியே' என்று உரக்கச் சொன்னால்தான் பொறுப்பு தீரும். யாரென்று பார்த்துப் பதில் கொடுக்கிற வழக்கமே கிடையாது.

வேறு யாராக இருந்தாலும் அலறியடித்துக்கொண்டு தண்ணீரில் விழுந்திருப்பார்கள். சைரனின் கை தானாகப் போய்த் தொடையில் இரண்டு தட்டியது.

தட்டின பிறகுதான் திரும்பிப் பார்த்தான். சாலை காலியாக இருந்தது.

மறுநாள் போகாமல் இருந்திருக்கலாம். போனான். அவனுக்குப் பேயைவிடக் கிடங்குதான் பயம்.

அன்று முதல் பயிற்சி. தோள் காதுவரை ஏறினால் ஒரு விரல் அழுத்தி இறக்கும். இடுப்பில் மடங்கினால் முதுகில் ஒரு உள்ளங்கை, பனிக்கட்டி மாதிரி. குதிகாலை முன்னால் நீட்டிக் குத்தினால் கெண்டைக்காலில் சுளீர். காலை எட்டிப் போடாதே, உடம்புக்கு நேர் கீழே வை, சின்ன அடியாக வை, சீக்கிரம் எடு... ஒரு வார்த்தை கிடையாது, எல்லாம் தட்டுதான். சைரன் படித்துக்கொண்டான். நிமிஷத்துக்கு நூற்று எண்பது அடி. மூன்று அடிக்கு மூச்சு உள்ளே, இரண்டு அடிக்கு வெளியே. வாயைச் சுற்றி மப்ளர். மூன்று ஸ்வெட்டர் ஒன்றானது. கிளம்புவதற்கு முன் உடம்பு சூடேற சமையலறையில் நின்ற இடத்திலேயே குதிப்பான். அடுப்பு எங்கேயும் ஓடிப்போகாது, மெதுவாகவே துரத்தலாம் என்றாள் அவன் மனைவி.

இருபத்தொரு நிமிஷம். பத்தொன்பது. பதினெட்டரை. மூட்டைச் சத்தம் போயே போய்விட்டது. சப் சப் சப் என்று அவன் ஓடுவதைப் பார்த்து, நாற்காலி போட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

நாலாவது வாரம் இடது கால் விரல்கள் மரத்தன. வலி இல்லை. எரிச்சல் இல்லை. விரல்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான். கண்ணால் பார்த்தால் இருக்கும்.

ஒரு நாள் சாலை முழுக்க உறைபனி, மாவு சலித்த மாதிரி. ஓடி முடித்துவிட்டு டார்ச்சை அடித்துத் திரும்பிப் பார்த்தான். இரண்டு வரிசைத் தடம் இருக்குமோ என்று பயந்துகொண்டேதான் பார்த்தான். ஒரே வரிசைதான் இருந்தது. பெருமூச்சு விட்டான். பிறகு குனிந்தான். ஒவ்வொரு இடது தடத்தின் முனையிலும் ஒரு கீறல், இழுபட்ட மாதிரி. தன் காலைத் தூக்கி அந்தத் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தான்.

தடம் அவன் காலைவிட இரண்டு விரல்கடை சின்னதாக இருந்தது.

அன்றைக்கே ஷூவைத் தூக்கிக்கொண்டு ஆணியின் கடைக்குப் போனான். ஆணி திருப்பிப் பார்த்தான். வலது ஷூ ஒழுங்காகத் தேய்ந்திருந்தது. இடது ஷூவில் முனை மட்டும், உட்பக்கமாக, நகம் வெட்டின மாதிரி.

"இது உன் ஷூ இல்ல."

"என்னோடதுதான். நாலு மாசமா போடறேன்."

"அப்ப உன் கால் இல்ல" என்று சொல்லி, ஒரு தையல்கூடப் போடாமல் ஷூவைத் திருப்பித் தள்ளிவிட்டான்.

இங்கே நிறுத்தி, எதற்காகத் திருப்பிக் கொடுத்தாய் என்று ஆணியைக் கேட்டேன். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"கடை சாத்துற நேரம்" என்றான் ஆணி. முகம் மெழுகுவத்திக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சரி. தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, பகல் மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. மூன்றாம் மாடியில் தீ. ஒரு அம்மாவும் கைக்குழந்தையும் உள்ளே. சைரன் வண்டியை எடுத்தான். நாற்சந்தியில் கியர் மாற்ற இடது காலால் கிளட்சை மிதித்தான். மிதித்த கால் மேலே வரவில்லை. அவன் சொல்வதை அது கேட்கவில்லை. பெடலின்மேல் அது பாட்டுக்கு... சப் சப் சப் ஸ்ர்ர்... ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி உறுமி நின்றது. மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அந்தக் காலைத் தூக்கி எடுக்க முக்கால் நிமிஷம் ஆயிற்று. போய்ச் சேர்ந்தார்கள். அம்மாவையும் குழந்தையையும் கொண்டுவந்தார்கள். குழந்தை அழ ரொம்ப நேரம் பிடித்தது. இன்னும் அரை நிமிஷம் ஆகியிருந்தால் அழுதே இருக்காது என்று இறக்கிக்கொண்டு வந்தவர் சொன்னார்.

சைரன் வண்டியை விட்டு இறங்கவில்லை. எந்த இருக்கைக்காக ஓடினானோ அதே இருக்கை. அதில் இப்போது அவன் பாதிதான் உட்கார்ந்திருந்தான்.

இரண்டு நாள் யோசித்தான். அந்தக் கை போய்விட்டால் தேர்வும் போகலாம். போகட்டும் என்று முடிவு பண்ணினான்.

தேர்வன்று காலை நாலரைக்குக் கிளம்பிப் பம்ப் ஹவுஸ் வரை ஓடினான். திரும்பினதும் தோளில் டப்... டப். தொடையில் இரண்டு தட்டினான்.

"வா. வீட்டுக்குப் போகலாம்" என்றான்.

கை தோளிலேயே தங்கிவிட்டது. கோட்டுக்கு மேலாகவே ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. கரைச்சாலை முடிந்தும் அவன் நிற்கவில்லை. கை எந்தப் பக்கம் அழுத்தியதோ அந்தப் பக்கம் திரும்பினான். பேக்கரியைத் தாண்டி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, ஒரு சந்து, இன்னொரு சந்து. பின்னால் மூச்சு சத்தமே இல்லை. வாசனை மட்டும் கனத்துக்கொண்டே வந்தது. ஒரு வீட்டின் முன்னால் கை அவனைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தியது.

பச்சைக் கதவு. யார் வீடென்று அவனுக்குத் தெரியாது. கதவின் அடியில் குளிர் புகாமல் தோல் பட்டை வைத்து, பித்தளை ஆணி வரிசையாக அடித்திருந்தது.

சொல்லி முடிப்பதற்குள் எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தார்கள். சைரன் இந்த விவரத்தை என்னிடம் சொன்னது போன வாரம்தான். அதற்காகத்தான் இத்தனை நேரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

சைரன் கதவுச் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினான். "வெளியே" என்று தன் முழுத் தொண்டையில் சொன்னான். தோளிலிருந்து கை எடுபட்டது. கதவு திறக்கவில்லை. அடியில் இருந்த தோல் பட்டை மட்டும் உள்பக்கமாக மடிந்து... ஸ்ர்ர்... மறுபடி நிமிர்ந்தது.

அவன் ஓடினான். கால் விரல்கள் தீயில் வைத்த மாதிரி வலித்தன. அந்த வலியில் அழுதுகொண்டே, சந்தோஷமாக ஓடினான். சாயங்காலம் தேர்வு. கூட யாரும் இல்லை. பதினேழு நிமிஷம் ஐம்பத்தெட்டு வினாடி.

கதை முடிந்தது. இப்போது சிரிடா என்று ஆணியிடம் சொன்னேன்.

ஆணி சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் எங்களிடம் தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

"என் தம்பிக்கு இடது கால் கொஞ்சம் குட்டை" என்றான். "முனை இழுபடும். சின்ன வயசுலேருந்து அவன் ஷூவுக்கு நான்தான் அடி போடுவேன். பம்ப் ஹவுஸ்கிட்ட கிடந்தவன் அவன்தான்."

ஆணி கதவுப் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்கு அந்தாளு தட்டினப்ப நான் முழிச்சுத்தான் இருந்தேன். திறக்கல. விடிஞ்சதும் வாசல்ல பார்த்தேன். பனியில உள்ள வந்த தடம் இருந்தது. திரும்பிப் போன தடம் அந்தாளோடது மட்டும்தான்."

பெஞ்சைக் காட்டினான். எங்களில் மூன்று பேர் அதில்தான் உட்கார்ந்திருந்தோம்.

"ஆஸ்பத்திரியில கொடுத்த ஷூ அதுக்கு அடியில இருக்கு. லேஸ் பாதி கட்டினபடி அப்படியே இருக்கு. யாரும் போடறதில்ல."

மூன்று பேரும் காலை மேலே தூக்கிக்கொண்டோம்.

"இவன் சொன்னதெல்லாம் நடந்ததுதான்" என்றான் ஆணி. "அந்த இடது ஷூவோட முனை தேய்ஞ்சுகிட்டே இருக்கு. இந்தப் பதினோரு வருஷத்துல நாலு தடவை மாத்திட்டேன். கடைசியா மாத்தினது நேத்து."