ஐரிஷ் ரொட்டியும் வியாழக்கிழமை டிக்கெட்டும்

— முட்டை போடலேன்னு ரங்கநாதன் மேல சத்தியமாச் சொல்லுவியா?

— போடலேம்மா. தயிர்தான் விட்டிருக்கேன். மாமியார்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போறது?

— அப்போ ரொட்டி ஏன் இப்படிக் கறுத்திருக்கு?

— டீ. உலர்ந்த திராட்சையை முதல் நாளே சுடச்சுட டீயில ஊறப் போட்டுடணும். அப்புறம் மைதா, நாட்டுச் சர்க்கரை, பட்டைப் பொடி. அயர்லாந்துல எல்லார் ஆத்துலயும் இது உண்டு. பார்ம்பிராக்னு பேரு.

— பேரு வாயில நுழையலே. ரொட்டி நுழையறதா பார்ப்போம். வெண்ணெய் இன்னும் கொஞ்சம் தடவு. கஞ்சத்தனம் பண்ணாதே... ம்.

— எப்படி இருக்கு?

— பேசாதே. சாப்பிட்டுண்டிருக்கேன்.

— அங்கே இதுக்குள்ள ஒரு மோதிரத்தை வெச்சுச் சுடுவாம்மா. அந்தத் துண்டு யாருக்கு வரதோ, அவாளுக்கு அந்த வருஷமே கல்யாணம்.

— ரங்கா! எனக்கு இருக்கிற நாலு பல்லும் போயிடும். நீ வெச்சிருக்கியோ?

— இல்லேம்மா. நம்ம ரெண்டு பேருக்கும் ஆன கல்யாணமே போதும்.

— போக்கிரி. அது சரி, மைத்ரேயி, உன் போன் அடிச்சுண்டே இருக்கே, எடுக்கப்படாதோ?

— அப்புறம் எடுக்கறேன்.

— உன் ஆத்துக்காரன் தேசிக்தானே? காலம்பற என்கிட்டயும் பேசினான். வியாழக்கிழமைக்கு உனக்கு அயர்லாந்து திரும்ப டிக்கெட் போட்டுட்டானாமே. ஏன்டி என்கிட்ட சொல்லலே?

— நான் வரலேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க இடுப்பு ஒடிஞ்சு கிடக்கறச்சே எப்படிப் போறது?

— ஒடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. ஒரு மாசம்னு சொல்லிண்டு வந்தே. அந்த ஆஸ்பத்திரி லேப்ல உன் இடத்தை இன்னும் எத்தனை நாள் வெச்சிண்டிருப்பா?

— இந்த மாசக் கடைசி வரைக்கும். மெயில் வந்துடுத்து. அதுக்குள்ள போகலேன்னா வேற ஆளைப் போட்டுடுவா.

— உனக்குப் பிடிச்ச வேலையாச்சே.

— ரொம்பப் பிடிக்கும்மா.

— ஆனா இங்கே உனக்கு என்ன இருக்கு? ரங்கநாதன் கோவில் வெள்ளைக் கோபுரம் ஜன்னல்லயே தெரியறது. என்னை விட்டுட்டு ஒரு நாள் நிதானமா உள்ளே போய்ச் சேவிச்சிருக்கியா? இந்தத் திராட்சை வாங்க சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனதோட சரி. அதுக்கும் மூச்சு வாங்க ஓடி வந்தே.

— டீ ஆறிடும். சாப்பிடுங்கோம்மா.

— எனக்குப் போதும். தட்டை எடு.

— ஏன், நன்னா இல்லியா?

— நன்னா இருக்கு. அதான் வேண்டாங்கறேன். இப்படி உட்காரு. கையைக் குடு. நான் ஒரு பாவம் பண்ணிண்டிருக்கேன்.

— என்னம்மா?

— எனக்கு நடக்க வரது. ரெண்டு மாசமா. நீ குளிக்கப் போறச்சே, எதையும் பிடிச்சுக்காம பால்கனி வரைக்கும் போயிட்டு வந்து படுத்துப்பேன். திருவானைக்காவல்லேர்ந்து எக்ஸர்சைஸ் சொல்லித்தர வரானே அந்தப் பிள்ளை பிரவீன்ராஜ், அவன் வந்தா வேணும்னே நொண்டுவேன்.

— அம்மா...

— திட்டணும்னா திட்டு. உன் மாமனார் போய் ஆறு வருஷம். டி.வி.யைத் தவிர எனக்குன்னு ஒரு பேச்சுக்குரல் கிடையாது. நீ வந்தே. சமையலறையில பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டது. விட மனசு வரலேடி. உன்னைப் பூட்டி வெச்சுட்டேன். போதும். வியாழக்கிழமை கிளம்பு. நானே கீழ வரைக்கும் இறங்கி வந்து ஆட்டோ ஏத்தி விடறேன்.

— எனக்குத் தெரியும்மா.

— என்ன தெரியும்?

— நீங்க நடக்கறது. பங்குனி உத்திரத்தன்னிக்கு ஷாம்பூ எடுக்க மறந்து குளிக்கற ரூம்லேர்ந்து வெளியில வந்தேன். பால்கனியில நின்னுண்டு கோபுரத்தைச் சேவிச்சிண்டிருந்தேள். சத்தம் போடாம திரும்பி உள்ளே போயிட்டேன்.

— தெரிஞ்சுமா போகலே? ஏன்? மைத்ரேயி, வாயைத் திற.

— எனக்கு அந்த ஊர் பிடிக்கும். வேலை பிடிக்கும். ஓயாம பெய்யற அந்த மழைகூடப் பிடிக்கும். உங்க பிள்ளை இருக்கிற வீடுதான்...

— தேசிக்கா? அவன் என்ன பண்ணினான்?

— வேலைக்கு அவரே கொண்டு விடுவார், அவரே அழைச்சிண்டு வருவார். எனக்கு லீவுன்னா வெளியில பூட்டிண்டு போவார். யார்கிட்ட பேசினேன்னு தினம் போனைப் பார்ப்பார். ஒரு நாள் பூட்ட மறந்துட்டுப் போயிட்டார். பக்கத்தாத்து ஐரிஷ்கார மாமி, பார்ம்பிராக் சுட்டிருக்கேன், வான்னா. அவரைக் கேட்காம போயிட்டேன். ஒரே ஒரு துண்டும்மா.

— சொல்லு.

— மணிக்கட்டு உடைஞ்சுது. பனியில வழுக்கிட்டுதுன்னு உங்ககிட்ட போன்ல சொன்னேனே, அது.

— ரங்கா... ரங்கா...

— உங்களுக்கு அடிபட்டதாலதான் என்னைத் தனியா அனுப்பினார். நீங்க நொண்டற வரைக்கும் நான் இங்கே இருக்கலாம். அதான் நானும் வாயைத் திறக்கலே.

— நான் பெத்ததா இப்படி?

— அழாதேங்கோ. மறுபடி அவர்தான் கூப்பிடறார்.

— குடு இங்கே.

— வேண்டாம்மா, இப்போ அவரை ஒண்ணும் கேட்காதேங்கோ.

— குடுன்னேன்... ஹலோ. ஆமாண்டா, அம்மாதான். அந்த டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு தேசிக். எனக்கு இன்னும் காலைத் தரையில ஊனக்கூட முடியலே.