அம்மன் சந்நிதி ஏலமும் அந்நியன் ஏலமும்

இந்த மாலைப் பொழுதுக்குத் தலைமை ஏற்று, கூட்டம் சேரும் முன்பே வந்து நாற்காலிகளைத் தம் கையாலேயே வரிசைப்படுத்திய ஆலயத் தலைவர் திரு. கமலநாதன் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வீட்டு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! சிங்கப்பூர் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று நசுங்கி, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து சேர்ந்த தம்பிமார்களே, தங்கைமார்களே! மூவாரிலிருந்து நமக்காக வண்டி ஓட்டி வந்திருக்கும் அன்பர் உதுமான் அவர்களே! எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

ஏலம் என்றால் என்னவென்று லாயாங் லாயாங் ஊர் மக்களுக்கு நான் வந்துதான் சொல்ல வேண்டுமா? திருவிழா முடிந்ததும் இதே மண்டபத்தில் அம்மனுக்குச் சாத்திய சேலை ஏலத்துக்கு வருகிறது. ஒருவர் விலை சொல்கிறார், இன்னொருவர் ஏற்றுகிறார். ஏற்றியவர்மேல் யாருக்காவது கோபம் உண்டா? இல்லை. ஏறிய விலை கோயிலுக்குத்தானே! கேட்ட விலையிலிருந்து யாராவது பின்வாங்கியது உண்டா? இல்லை. சொன்ன வாய், அம்மன் முன்னால் சொன்ன வாய். சேலை அன்றைக்கே கைக்குப் போகிறது. பணம் பிறகு வருகிறது. கேட்டவர் யார், எந்தத் தெரு, அவர் அப்பா எந்த ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், எல்லாம் நமக்குத் தெரியும்.

அந்த நாணயம் நம் பெருமை. அந்தப் பெருமையைத்தான் ஒருவன் தூண்டில் முள்ளில் இரையாகக் கோத்தான்.

இரண்டாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார் வாசுகி. அவர் தைத்த ரவிக்கையை இந்த மண்டபத்தில் எத்தனையோ பேர் இப்போது உடுத்தியிருக்கிறீர்கள். தீபாவளிக்கு முன்பு, துணிகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்திருந்த நேரத்தில், அவருடைய தையல் மெஷின் படுத்துவிட்டது. கைப்பேசியில், ஒரு விற்பனைச் செயலியில், நேரலை ஏலம் தென்பட்டது. மூவாரில் தையல் ஆலை மூடுகிறார்களாம்; மெஷின்கள் மலிவாகப் போகின்றனவாம். விற்பவன் நல்ல தமிழில் பேசினான். ஏலத்துக்கு முன் சாமி படத்துக்குச் சூடமும் ஏற்றினான். “நம்ம ஆளு” என்று வாசுகி நினைத்தார். யார்தான் நினைக்கமாட்டார்கள்?

இவர் ஒரு விலை சொன்னார். முன்பின் தெரியாத மூன்று பெயர்கள் அதை ஏற்றின. இவரும் ஏற்றினார். கோயிலில் விலையேற்றுகிறவர் நம் பக்கத்து வீட்டுக்காரர். அந்தத் திரையில் ஏற்றிய மூவரும் யார்? மூவரும் அந்த ஒருவனாகவே இருக்கலாமே! அந்தச் சந்தேகம் வாசுகிக்கு வரவில்லை. ஏலத்தில் அப்படிச் சந்தேகப்பட நாம் பழகியதே இல்லை.

மெஷின் ஏலம் இவர் பெயருக்கு முடிந்தது. உடனே தனிச்செய்தி வந்தது. “அக்கா, அந்த ஆப்ல கட்டுனா கமிஷன் வெட்டிருவான் லா. நேரா பேங்க்ல பாதி போட்டுருங்க. இன்னிக்கே லாரி ஏத்திடறேன்.” பாதியைப் போட்டார். லாரி வரவில்லை. மறுநாள் மீதியையும் கேட்டான். “தம்பி, நாங்க மூவாருக்கே வர்றோம். மெஷின ஓட்டிப் பாத்துட்டு கையில தர்றோம்,” என்றார் வாசுகி.

அப்போது அவன் குரல் மாறியது. தாய்மார்களே, கவனியுங்கள்! “அம்மன் சேலைய ஏலம் எடுத்து படம் போட்டிருக்கீங்களே அக்கா, அங்கயும் இப்படித்தான் பேச்ச மாத்துனீங்களா? பெரிய பக்திதான் போங்க! உங்க கோயில் குரூப்லயே போட்டு உடைக்கட்டுமா?”

முகநூலில் இவர் போட்ட படத்தை அவன் பார்த்திருக்கிறான். நாம் சொன்ன சொல் மாறமாட்டோம், பெயர் கெடுவதைத் தாங்கமாட்டோம் என்பதைக் கணக்குப் போட்டிருக்கிறான். பணம் பாதி போய்விட்டது. தீபாவளித் துணி தைக்காமல் கிடக்கிறது. இப்போது நல்ல பெயருக்கும் விலை வைக்கிறான். மீதியைக் கட்டி வாயை அடைத்துவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்கிறது.

கட்டவில்லை. கணவர் தங்கராஜுவை அழைத்துக்கொண்டு மூவாருக்கே போய்விட்டார். அவன் கொடுத்த முகவரியில் இருந்தது தையல் ஆலை அல்ல. நம் உதுமான் அவர்களின் நாற்காலிப் பட்டறை. உதுமான் சிரிக்கிறார்! அன்றைக்கு அவர் சொன்னதை நீங்களும் கேளுங்கள். “வாங்கம்மா. நீங்களும் தையல் மெஷினா? இங்க சோபாதாம்மா இருக்கு. முன்னாடியே ரெண்டு குடும்பம் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க.”

“அவங்க போலீஸ்ல சொன்னாங்களாண்ணே?”

“எங்கம்மா? வெளிய தெரிஞ்சா வெட்கம்னு தலைய குனிஞ்சிட்டே போயிட்டாங்க.”

காரில் ஏறியதும் தங்கராஜுவும் அதையேதான் சொன்னார். “விடு வாசு. வெளிய சொன்னா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே! முன்னால வந்தவங்க வாய தொறந்து சொல்லியிருந்தா நான் இங்க வந்திருப்பேனா? காரை ஸ்டேஷனுக்கு விடுங்க.”

இதோ, தங்கராஜு அங்கே நெளிகிறார். நெளியாதீர்கள் ஐயா, காரை ஓட்டியது நீங்கள்தானே!

புகார் கொடுத்தார்கள். கோயிலின் கைப்பேசிக் குழுவில் அவன் போடுவதற்கு முன்பு வாசுகியே போட்டார். “நான் ஏமாந்துட்டேன். இதுதான் அவன் கணக்கு நம்பர். யாரும் காசு போடாதீங்க.” அந்தச் செய்தி கைமாறிக் கைமாறிப் பெக்கான் நானாஸ் ஊர் வரை போனது. அங்கே தனலெட்சுமி என்ற ஓர் அம்மா, அதே கணக்குக்குப் பணம் போடக் கைப்பேசியைத் திறந்து உட்கார்ந்திருந்தவர், படித்தார், நிறுத்தினார்!

என்ன கேட்கிறீர்கள் பின்வரிசையில்? “பணம் கிடைச்சுச்சா”வா? இல்லை ஐயா. இன்னும் வரவில்லை. வந்துவிடும் என்று சொல்லிக் கைதட்டு வாங்க நான் வரவில்லை. போன பணம் திரும்புவது அரிது. அதனால்தான் போகும் முன்பே தடுக்கச் சொல்கிறேன்.

காணாத பொருளுக்குக் காசு கட்டாதீர்கள்! அவசரப்படுத்துகிறவனிடம் அவசரப்படாதீர்கள்! பொருள் கைக்கு வரும் வரை பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் தளத்தில் வாங்குங்கள். அதைவிட்டு வெளியே வா என்று அழைக்கிறவன் எதற்கு அழைக்கிறான்? அந்தக் காவலிலிருந்து உங்களைப் பிரிக்கத்தான் அழைக்கிறான். கணக்கு எண் தந்தால், மோசடிக் கணக்கா என்று காட்டும் போலீசாரின் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே அந்த எண் இல்லை என்பதாலேயே அவன் நல்லவன் ஆகிவிடமாட்டான், அதையும் மறக்காதீர்கள். விற்பவர்களே, உங்களுக்கும் ஒரு சொல் உண்டு. பணம் கட்டியதாக வரும் ரசீதுப் படம் பணமாகாது. உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள். முதலில் பொருள், பிறகு பணம் என்ற வழக்கம் இந்த மண்டபத்தோடு நிற்கட்டும். மீறி ஏமாந்துவிட்டால், யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள். பிறகு காவல் நிலையம்.

கேட்ட விலைக்குக் கட்டுப்படுவது அறம்தான். மறுக்கவில்லை. ஆனால் பொய்ப் பெயரில், பொய் முகவரியில், இல்லாத பொருளைக் காட்டியவனுக்கு நீங்கள் கொடுத்தது வாக்கா? வாக்குக்கு இரண்டு பக்கம் வேண்டாமா? அவன் பக்கம் யாருமே இல்லையே! அவனிடமிருந்து விலகினால் அம்மன் கோபிப்பாளா?

இந்தக் கூட்டத்துக்கு வரும் முன் வாசுகியிடம் கேட்டேன். “அம்மா, மேடையில் உங்கள் பெயரை மாற்றிச் சொல்லட்டுமா?” என்னைப் போல் பத்திரிகையில் செய்தி எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பதுதான். துணியை வெட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

“எதுக்குண்ணே? பேர மறைச்சவன் அவன். நான் எதுக்கு மறைக்கணும்? மைக்க நல்லா பக்கத்துல வச்சு சத்தமா சொல்லுங்க.”

சத்தமாகவே சொல்கிறேன். வாசுகி! இந்த ஊர்க்காரர்! ஏமாந்தார், எழுந்தார், எடுத்துச் சொன்னார்! இவரைப் போல் ஏமாந்து, இன்னும் வெளியே சொல்லாதவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வாசலருகே ஒரு மேசை போட்டிருக்கிறோம். புகார் கொடுக்க உங்களோடு கூட வருவதற்கு வாசுகியே அங்கே உட்காரப்போகிறார். தனியாகத் தலைகுனிந்து போகாதீர்கள். துணையோடு தலைநிமிர்ந்து போங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இடம் தந்த ஆலயத்தாருக்கும், முகவரியைப் பறிகொடுத்தும் முகம் சுளிக்காத உதுமான் அவர்களுக்கும் நன்றி கூறி, மேசை காத்திருப்பதால் இத்தோடு அமர்கிறேன். வணக்கம்.