கோழிக் கூண்டுக்கு ஒரு நன்றியுரை

காய்ச்சல் வார்டுக்கு அடிக்கல் நாட்டிய கையோடு அதில் தம் பெயரையும் பொறித்துக்கொண்ட மாவட்ட மன்றத் தலைவர் ஹாலிஸ் கெய்ட்ரி அவர்களே! லூசியானா வெயிலையும் கொசுவையும் தாங்கி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இடுப்பில் பிள்ளையோடு பின்வரிசையில் நிற்கும் தங்கைகளே! வணக்கம்.

நான் ஓடெல் ரொமேரோ. மூளைக்காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் எல்லிஸின் மனைவி. வார்டுக்கு நன்றி சொல்ல அழைத்தார்கள். சொல்லாமல் போவேனா?

ஆனால் முதல் நன்றி யாருக்கு? வார்டு தந்த வள்ளலுக்கா? இல்லை! நெல்வயல் ஓரத்தில், அரசாங்கக் கூண்டில் வாழ்ந்த கோழிகளுக்கு! காய்ச்சல் பரப்பும் கொசு கடித்தாலும் அவை நோயில் விழாது. ஆனால் அவற்றின் இரத்தம் கிருமியைக் காட்டிக்கொடுக்கும். வாரந்தோறும் சோதனை, கிருமி தெரிந்த அன்றே கொசுவுக்கு மருந்துப்புகை. காய்ச்சல் வரவில்லை. வராத காய்ச்சலை யார் கண்டார்? வராத காய்ச்சலுக்கு யார் மாலையிட்டார்?

தேர்தல் வந்தது. இதே திடலில் தலைவர் முழங்கினார்: "காய்ச்சலே இல்லாத ஊர்ல கோழிக்கு எதுக்குய்யா அரசாங்கத் தீனி? உங்க வரிப்பணத்தை அதுங்க கொத்தித் தின்னுது!"

கைதட்டல் வானைப் பிளந்தது. கூண்டு திறந்தது. காவலுக்கு இருந்தவை கரியடுப்புக்குப் போயின. ஊருக்கே விருந்து!

யாரம்மா அங்கே சிரிப்பது? சிரியுங்கள், நீங்களும் தின்றவர்தான். என் எல்லிஸ்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார். "தலைவர்னா இவருதான்டி! இன்னொரு தொடை வாங்கிட்டு வா" என்றார். காட்டிக்கொடுக்கக் கோழி இல்லாத ஊருக்குள் கொசுவோடு காய்ச்சலும் வந்தது. தட்டிய அந்தக் கை இன்று கரண்டியைத் தூக்க மறுக்கிறது. நான்தான் ஊட்டிவிடுகிறேன்.

தலைவர் மணியடிக்கிறார். "அம்மா, நன்றி மட்டும் சொல்லிட்டு இறங்குங்கம்மா" என்கிறார்.

அதைத்தானே ஐயா சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

சற்று நேரத்தில் மன்றம் நிதிக்கு வாக்களிக்கப் போகிறது. வார்டு வரட்டும், வாழ்க! ஆனால் கூண்டும் வரட்டும். நாடா வெட்டக் கட்டடம்தான் வேண்டுமா? கூண்டுக்கும் நாடா கட்டுகிறோம். உங்கள் பெயரையே பெரிதாக எழுதுகிறோம்! என் எல்லிஸுக்கு இனி அது உதவாது. அந்தப் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு உதவும்.

இந்தக் கூடையில் என் வீட்டுக் கோழிகள் இரண்டு இருக்கின்றன. கூண்டுக்கு முதல் காணிக்கையாகத் தலைவர் கையிலேயே கொடுக்கிறேன்.

வாங்கிக்கொள்ளுங்கள், ஐயா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இவற்றையாவது சமைத்துவிடாதீர்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!