பதினொரு சிம்களும் எனிஃபா அக்காவின் பாட்டும்

பெயர் அலினாஃபே மக்வின்ஜா. வயது இருபத்து நான்கு. தந்தை பெயர் லைட்டன் மக்வின்ஜா, செங்கல் அறுப்பவர். முகவரி: பிளான்டயர் நகரம், சிலோப்வே, சோச்சே மலையடி, தண்ணீர்க் குழாய்க்கு மேலே இரண்டாவது வீடு. சோம்பா பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். இப்போது ஒரு தனியார் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருக்கிறேன். காவல் நிலையத்தில் பேசிப் பழக்கமில்லாததால் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன் என்றேன். வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி சம்மதித்தார்.

புயல் மழையில் மண்சரிவு இறங்கி எங்கள் தெருவின் மேல்பாதியை மூடியபோது நான் சோம்பாவில் விடுதியில் இருந்தேன். அதனால் என் அடையாள அட்டை தப்பியது. தெருக்காரர்களின் அட்டைகள் வீடுகளோடு சேற்றுக்குள் போயின. அதன் பிறகு, அட்டை இல்லாமல் சிம் தரமாட்டார்கள் என்பதால், பேருந்து நிறுத்தத்தில் குடைக்கடியில் சிம் விற்பவர் என் அட்டையை வைத்தே பதினொரு பேருக்குப் பதிந்து கொடுத்தார். அந்த நாட்களில் எங்கள் பக்கம் அப்படித்தான் நடந்தது. புது அட்டைகள் வந்த பிறகும் பெயரை மாற்ற யாரும் போகவில்லை.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் எனிஃபா சிசலே. சந்தையில் மந்தாசி என்னும் மாவுப் பலகாரம் பொரித்து விற்பவர், சாவு வீடுகளில் பாடுபவர். மண்சரிவில் இறந்தவர்களை அடக்கம் செய்த அன்று அவர் ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார். இறந்தவர்களின் பெயர்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். என் அண்ணன் வெஸ்டனின் பெயரும் வரும். அதன் பிறகு அவர் அதைத் தன் தொலைபேசியில் பதிந்து வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினார், இணையம் இல்லாதவர்கள் மினிபஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் புளூடூத்தில் வாங்கிக்கொண்டார்கள், இப்படியே பாட்டு நாடு முழுவதும் போனது.

அதன் பிறகு தம்பாலா இசை நிறுவனம் அதே பாட்டை, அழைப்பவர் காதில் ஒலிக்கும் காலர் டியூனாக விற்கத் தொடங்கி, வைத்தவர்களிடம் வாரந்தோறும் காசு பிடித்தது. எல்லோர் கையிலும் இருக்கும் பாட்டு எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அதன் பிறகு, அதைப் பகிர்பவர்கள் திருடர்கள் என்று அந்த நிறுவனம் வானொலியில் அறிவித்தது.

இன்று காலை நான் கரும்பலகையில் ஷிரே ஆற்றை வரைந்துகொண்டிருந்தபோது இரண்டு காவலர்கள் வகுப்புக்கு வந்து என்னை அழைத்தார்கள். சாக்பீஸைக் கீழே வைக்க மறந்து கையோடு நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அங்கே ஆய்வாளர் ஜும்பேயும் தம்பாலா நிறுவனத்தின் பிரதிநிதி மாலுங்காவும் இருந்தார்கள்.

"இந்தப் பொண்ணு ஒருத்தியே பதினோரு ஃபோன் வெச்சு பாட்டத் திருடி ஊருக்கெல்லாம் அனுப்புது சார். பெரிய கும்பலுக்குத் தலைவி" என்றார் மாலுங்கா.

ஆய்வாளர் என் தொலைபேசியைப் பார்த்தார். அதன் பின்மூடியை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தேன். "தலைவி, உக்காரும்மா" என்றார்.

அதன் பிறகு மாலுங்கா என்னிடம், "எந்த நம்பர் யார்கிட்ட இருக்குன்னு சொல்லிடு தங்கச்சி, பள்ளிக்கூடத்துக்கு நானே கார்ல கொண்டுபோய் விடறேன். சொல்லலன்னா எல்லாத்துக்கும் நீதான் உள்ள போகணும். படிச்ச பொண்ணு, யோசி" என்றார். பாட்டை முதலில் அனுப்பிய எண் இதுதான் என்று ஒன்றைக் காட்டினார். அது எனிஃபா அக்காவின் எண். அதை நான் சொல்லவில்லை.

அதன் பிறகு ஆய்வாளர் அந்த எண்ணை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். அந்தப் பாட்டே காலர் டியூனாக ஒலித்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் காவலரின் கை நின்றது. வெஸ்டனின் பெயர் வந்து முடிந்ததும் அழைப்பு எடுக்கப்பட்டது.

"யாருப்பா? எண்ண காயுது, சட்டுன்னு சொல்லு."

"போலீஸ். உங்க பேரென்ன?"

"எனிஃபா. இப்பக் கேட்டியே, அந்தப் பாட்டப் பாடினவ. மந்தாசி எத்தன வேணும்?"

அதன் பிறகு ஆய்வாளர் கேட்டுக்கொண்டபடி எனிஃபா அக்கா மாவுக் கையோடு வந்தார், சந்தைப் பெண்கள் பாதிப் பேரும் அவர் பின்னால் வந்தார்கள். பாடியவர் யாராக இருந்தாலும் பாட்டு இப்போது நிறுவனத்துக்குச் சொந்தம் என்றார் மாலுங்கா.

"உங்க கம்பெனி ஆளு வந்து, ஃபோன் அடிக்கும்போது கேக்கட்டும்னு கேட்டான், சரின்னேன். எனக்கும் அதயே வெச்சுவிட்டான். அவ்வளவுதானே தம்பி நம்ம பேச்சு? பொணத்துக்குப் பாடினத நான் எப்ப வித்தேன்? நாளைக்கு நான் குளிக்கும்போது பாடினா அதுக்கும் ஆளனுப்புவியா?"

சந்தைப் பெண்கள் சிரித்தார்கள். ஒப்பந்தத்தில் அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று ஆய்வாளர் கேட்டார். அலுவலகத்தில் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றார் மாலுங்கா.

அப்போது நான், "என் பேரும் அட்ட நம்பரும் உங்களுக்கு யார் குடுத்தாங்க?" என்று கேட்டேன். யார் காதிலும் விழவில்லை. எழுந்து நின்று மறுபடி கேட்டேன்.

"ஃபோன் கம்பெனில நம்ம ஆள் இருக்காரும்மா. அதெல்லாம் ஒரு நிமிஷ வேல" என்றார் மாலுங்கா.

"கோர்ட் உத்தரவு இருக்கா?" என்று ஆய்வாளர் கேட்டார். மாலுங்கா தன் தாள்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார். "அப்ப திருட்டு நடந்திருக்கு. ஆனா நீங்க சொன்ன எடத்துல இல்ல" என்றார் ஆய்வாளர். அதன் பிறகு சந்தைப் பெண்களைப் பார்த்து, எல்லோரும் சிம்மை அவரவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கண்டித்தார். "உங்க மாமியார் சிம்மும் உங்க பேர்லதானே சார்?" என்றார் பெண் காவலர். "நாங்களும்தான் போறோம்" என்றார் ஆய்வாளர்.

அதன் பிறகு மாலுங்கா என்னைத் தனியே அழைத்து, பள்ளிக்கூடத்துக்கே வந்து மன்னிப்புக் கேட்பதாகவும், இதை எழுத்தில் மட்டும் கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னார். நான் ஆய்வாளரிடம் வந்து, "எழுதுங்க சார்" என்றேன். என் அனுமதியும் நீதிமன்ற உத்தரவும் இல்லாமல் என் விவரங்களைக் கொடுத்தவர் மீதும் வாங்கியவர் மீதும் நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன். மற்ற பத்து எண்களை யார் பயன்படுத்துகிறார்கள் என்று நான் இதிலும் சொல்லவில்லை. ஆய்வாளரும் கேட்கவில்லை.

இதில் உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் எனக்கு நேர்ந்ததும் ஆகும். யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நானும் ஒருமுறை வாசித்தேன். காலையில் என் குற்ற ஒப்புதலை வாங்க எடுத்து வைத்த தாள் இது என்பதால் மேலே 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று அச்சிட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். ஆய்வாளர் அந்த வார்த்தைகளை அடித்து, 'புகார்தாரர்' என்று எழுதி, ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தை இட்டார். அதன் பிறகே நான் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) அலினாஃபே மக்வின்ஜா
சாட்சி: எனிஃபா சிசலே